தெற்கு பார்த்த வீடு: கொலராடோ கவுண்டியில் ஒரு சனிக்கிழமை

ஹூஸ்டனை ஒட்டி நாம் இருக்கும் பேர்லேண்டிலிருந்து கொலம்பஸ் என்ற சிறிய ஊர் ஏறக்குறைய எண்பத்தைந்து மைல். ஏப்ரல் மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூன்று பேரும் காரில் கிளம்பினோம். நான், என் மனைவி ஜெயா, மகள் நிலா. நம்முடைய ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நிலாவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது வரிசையில், மேகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதாமல் பேசிக்கொண்டிருப்பாளே, அவள்தான்.

பிள்ளைகளே, நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அந்த ஊருக்குக் குடிபோகலாமா வேண்டாமா என்று பார்க்கப் போனோம்.

ஜெயா நர்ஸ் வேலை செய்கிறாள். ஹூஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் வாரத்துக்கு நான்கு ராத்திரி வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் மறுநாள் காலை எட்டரைக்கு வீடு திரும்புவாள். அதற்குள் நிலாவின் ஸ்கூல் பஸ் போய்விட்டிருக்கும். பகலில் ஜெயா தூங்கும் அறையின் ஜன்னலில் கறுப்புத் துணி மாட்டியிருக்கிறோம். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. ஃபிரிட்ஜ் கதவைச் சத்தம் வராமல் மூடுவது எப்படி என்று நிலா நான்கு வயதிலேயே கற்றுக்கொண்டாள்.

இப்போது கொலம்பஸ் இருக்கும் கொலராடோ கவுண்டியில் ஒரு சின்ன கிளினிக்கில் ஜெயாவுக்குப் பகல் வேலை கிடைத்திருக்கிறது. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை. ஹூஸ்டனில் இந்த மாதிரி வேலைக்கு இரண்டு முறை முயன்று பார்த்தாள், கிடைக்கவில்லை. போவதென்றால் பேர்லேண்டை விட்டுவிட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜெயா தன் முடிவை ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

"நிலா சரின்னா போவோம். அவ வேண்டாம்னா இந்தப் பேச்சையே விட்டுருவோம்."

நிலா ஒரு வாரமாக வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய டான்ஸ் கிளாஸ் இங்கே. மேகா இங்கே. சாயங்காலம் சைக்கிள் ஓட்டும் தெரு இங்கே. பார்த்துவிட்டு வருவோம் என்று மட்டும் நான் சொன்னேன்.

அன்று காலையும் ஜெயா வேலை முடிந்து வந்தவள்தான். குளித்தாள், எலுமிச்சை சாதத்தைக் கிளறி டப்பாவில் போட்டாள், தூங்காமலே காரில் ஏறிவிட்டாள்.

288-ஆம் எண் சாலையில் ஏறி, ஹூஸ்டனைச் சுற்றிப்போகும் வட்டச் சாலையைப் பிடித்து, அங்கிருந்து ஐ-10 என்ற பெரிய ஃப்ரீவேயில் மேற்கே திரும்பினோம். இந்தச் சாலை எனக்குப் பழகியது. ஹூஸ்டன் கிடங்கிலிருந்து சான் அன்டோனியோ, ஆஸ்டின் இந்தியக் கடைகளுக்கு அரிசி, பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் வேனில் கொண்டுபோய் இறக்குவதுதான் என் வேலை. கொலம்பஸ் அந்த வழியில் நடுவில் இருக்கிறது. அதனால் வீடு மாறினாலும் என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் அந்த வழியாகப் போய் வந்தும் அந்தக் கவுண்டியில் பெட்ரோல் போட மட்டும்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறேன்.

கேட்டி ஊர் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. பிராசஸ் ஆறு வந்தது, அப்புறம் சீலி. சாலை ஓரத்துப் புல்லில் நீலநிறப் பூக்கள் கூட்டம் கூட்டமாகப் பூத்திருந்தன. புளூபானெட் என்பார்கள். டெக்சஸ் மாநிலத்தின் பூ அது.

"கொலராடோன்னா ஸ்னோ இருக்கும்னு மேகா சொன்னா," என்றாள் நிலா பின்சீட்டிலிருந்து. "ஸ்னோ இருந்தா, ஓகே, ஐ வில் திங்க்."

"அது கொலராடோ ஸ்டேட்மா. ரொம்ப தூரம். இது டெக்சஸுக்குள்ள இருக்கிற கொலராடோ கவுண்டி."

"அப்ப ஸ்னோ இல்ல."

"இல்ல."

"ஸோ, இட்ஸ் ஜஸ்ட் அன் எக்ஸிட்."

தூக்கக் கலக்கத்திலும் ஜெயா சிரித்துவிட்டாள். "வாயப் பாரேன். அப்படியே உங்க அம்மா வாய்ங்க."

கொலராடோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் சிவந்த நிறம் என்று அர்த்தம். டெக்சஸுக்கு என்றே ஒரு கொலராடோ ஆறு இருக்கிறது. மேற்கு டெக்சஸில் பிறந்து, ஆஸ்டின் நகரத்தைத் தொட்டு, இந்தக் கவுண்டி வழியாக வந்து மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. கிராண்ட் கேன்யன் என்ற பெரிய பள்ளத்தாக்கின் படங்களில் நீங்கள் பார்க்கும் கொலராடோ ஆறு வேறு. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை.

சான் பெர்னார்ட் என்ற சின்ன ஆற்றைத் தாண்டினால் கவுண்டி எல்லை. கவுண்டி என்பது நம் ஊரில் மாவட்டம் மாதிரி. டெக்சஸில் மட்டும் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகரம், அதன் நடுவில் ஒரு கோர்ட் கட்டடம். அந்தக் காலத்தில் ஒரு விவசாயி காலையில் குதிரையில் புறப்பட்டு, கோர்ட்டில் வேலையை முடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்துக் கவுண்டிகளைப் பிரித்ததாகச் சொல்கிறார்கள்.

பத்தே முக்கால் மணிக்குக் கொலம்பஸ் வந்து சேர்ந்தோம்.

கோர்ட் கட்டடத்துக்கு எதிரில், ஒரு பிக்கப் வண்டியில் சாய்ந்தபடி நாங்கள் பார்க்க வந்த வீட்டின் சொந்தக்கார அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். பெயர் டோனா. எழுபது வயது இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், நல்ல கணீர்க் குரல். அவர் பேசியது ஆங்கிலம்தான். உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஹலோ ஆன்ட்டி," என்றாள் நிலா, வீட்டில் பழகிய பழக்கத்தில்.

டோனா பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாருக்கு ஆன்ட்டி? எனக்கா? என் தம்பி பிள்ளைங்களே என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டு வருஷமாச்சு. சரி, இன்னைக்கு ஒருத்தி கிடைச்சா!" என்று சத்தமாகச் சிரித்தார். அந்தப் பக்கத்தில் வயதான பெண்களை 'மிஸ்' சேர்த்துக் கூப்பிடுவார்களாம். அதனால் நானும் ஜெயாவும் மிஸ் டோனா என்று கூப்பிட்டோம். நிலாவுக்கு மட்டும் அவர் ஆன்ட்டி.

சனிக்கிழமை என்பதால் கோர்ட் பூட்டியிருந்தது. மேலே பெரிய குவிமாடம். உள்ளே வழக்கு நடக்கும் கூடத்துக்கு மேல் கூரையில் வண்ணக் கண்ணாடி இருக்கிறதாம். நாங்கள் வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. மிஸ் டோனா நிழலில் நின்றபடி ஊர்க்கதை சொன்னார்.

முதலில் இந்த ஆற்றங்கரையில் கரங்காவா, டாங்காவா இன மக்கள் இருந்தார்கள். பிறகு கிழக்கிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் நிலம் தேடி வந்தன. 1836-இல் மெக்சிகோவோடு போர். எதிரிப் படை நெருங்கி வந்தபோது டெக்சஸ் படையே இந்த ஊரைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கியது. வருகிறவனுக்கு ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது என்று. போர் முடிந்து மக்கள் திரும்பி வந்தபோது வெறும் சாம்பல்.

"கோர்ட்டுக்குக் கட்டடம் ஏது? ஒரு ஓக் மரத்தடியிலதான் முதல் கோர்ட் நடந்துச்சு," என்றார்.

"மழை பெஞ்சா?" என்று கேட்டாள் நிலா. அன்று அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஜட்ஜும் நனைவாரு, திருடனும் நனைவான்."

அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். "எங்க ஆளுங்க ஜெர்மனியிலேர்ந்து வந்தவங்க. பருத்தி போட வந்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே இந்த மண்ணுல பருத்தி எடுத்தவங்க கறுப்பின மக்கள். அடிமையா கொண்டுவந்தாங்க. சும்மா அழகான கட்டடத்தை மட்டும் காட்டிட்டுப் போனா பிள்ளைக்குப் பாதிக் கதைதான் தெரியும்."

நான் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். பருத்தி எடுத்து விரல் கிழிந்த அனுபவம் உண்டு. ஆனால் நான் எடுத்தது எங்கள் சொந்தப் பருத்தி. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்த மக்களுக்கு அதுகூடக் கிடையாது. இதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

மிஸ் டோனா ஊரைச் சுற்றிக் காட்டினார். கொலராடோ ஆறு இந்த ஊரை ஒரு கையால் அணைத்த மாதிரி வளைத்துக்கொண்டு போகிறது. வடக்கில் ஒரு பாலம், கிழக்கில் ஒரு பாலம். சாலையில் போனால் ஒன்றிரண்டு மைல்தான். ஆற்றில் படகில் போனால் ஆறு மைலுக்கு மேல். வெயில் காலத்தில் பிள்ளைகள் ஒரு பாலத்தில் படகில் ஏறி, நாளெல்லாம் மிதந்து, மறு பாலத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விடுவார்களாம். டெக்சஸின் மிகப் பெரிய ஓக் மரங்களில் ஒன்றும் இங்கே ஒரு தெருவில் இருக்கிறது. அதன் கிளைகள் தரைவரை வந்து ஊன்றிக்கொண்டு நிற்கின்றன.

எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. நிலா ஃபோனைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, க்ளோஸஸ்ட் போபா டீ கடை நாப்பத்தஞ்சு நிமிஷம்."

ஜவ்வரிசி உருண்டை மிதக்கும் அந்த டீ அவளுக்கு உயிர். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பதினொன்றரை மணிக்கு மிஸ் டோனாவின் பிக்கப் பின்னால் தெற்கே போனோம். ஈகிள் லேக் ஊருக்குப் போகும் சாலை. கொலம்பஸுக்கு வடக்கே மேடும் ஓக் மரங்களுமாக இருக்கும் கவுண்டி, தெற்கே போகப் போகத் தட்டையாகிவிடுகிறது. ஏறக்குறைய பத்து மைல் போனதும் ஒரு மண் பாதை. அதன் முடிவில் மரத்தால் கட்டிய பழைய வெள்ளை வீடு. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டைகள் மேல் நிற்கிறது. முன்னால் கூரை போட்ட அகலமான திண்ணை, போர்ச் என்பார்கள், அதில் நான்கு சாய்வு நாற்காலி. வீட்டைச் சுற்றிலும் வயல்.

எதற்கும் பார்த்துவிடுவோம் என்று நான் வாசலில் நின்று ஃபோனில் திசைகாட்டியைத் திறந்தேன். முள் ஆடி ஆடி நின்றது. வாசல் நேர் தெற்கு. தெற்கு பார்த்த வாசல் வேண்டாம் என்பதற்காகவே பேர்லேண்டில் இரண்டு வீட்டை வேண்டாம் என்று சொன்னவன் நான். அந்தப் பக்கம் நகர்ந்து பிடித்தேன், இந்தப் பக்கம் நகர்ந்து பிடித்தேன். தெற்குத்தான்.

"சிக்னலா தேடுறீங்க?" என்றார் மிஸ் டோனா. "அங்க கிடைக்காது. பின்னாடி தண்ணித் தொட்டி மேல ஏறுங்க, ரெண்டு கோடு வரும்."

"சிக்னல் இல்ல ஆன்ட்டி," என்றாள் நிலா. "டோர் எந்த டைரக்‌ஷன்னு பாக்குறாரு. சவுத்னா பேட் லக்."

மிஸ் டோனா என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் போர்ச்சின் நடுவில் நிறுத்தினார்.

"கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க."

நின்றேன். தெற்கிலிருந்து காற்று வந்தது. ஏசி காற்று மாதிரி குத்தாமல், ஈரத்தோடு, நிற்காமல் வந்தது.

"கடல் அந்தப் பக்கம் இருக்கு. நடுவுல ஒரு மலை கிடையாது, மேடு கிடையாது. காத்து அங்கேர்ந்து நேரா இங்கதான் வரும். இந்தப் பக்கத்துப் பழைய வீடு எல்லாம் இப்படித்தான் தெற்கு பாத்து இருக்கும். கட்டினப்போ கரண்ட் கிடையாதே! ஆகஸ்ட் மாசம் வந்து பாருங்க, உங்க சாமியே வந்து இந்த நாற்காலியிலதான் உக்காரும்."

"மதுரை மீனாட்சி கோயிலுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கு," என்றாள் ஜெயா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. "தெக்கு வாசல் வழியா உள்ள போனா அம்மன் திருப்பி அனுப்பிடுறாளா? ஃபோன உள்ள வைங்க."

வைத்துவிட்டேன்.

போர்ச்சிலேயே டப்பாவைத் திறந்தோம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். மிஸ் டோனாவுக்கும் ஒரு தட்டு கொடுத்தோம். "நடுநடுவுல மொறுமொறுன்னு கடிபடுதே, என்ன அது?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். கடலைப் பருப்பு. அவர் வீட்டில் சோற்றுக்குக் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்களாம்.

சாப்பாட்டின் நடுவில் பெரிய இரைச்சல். ஒரு மஞ்சள் விமானம் பனைமர உயரத்தில் வந்து எதிர் வயலுக்கு மேல் எதையோ தூவிவிட்டுப் போனது. நிலா தட்டோடு எழுந்துவிட்டாள்.

"வாட் இஸ் தட்!"

"நெல் விதைக்கிறாங்க. என் தம்பியோட வயல்," என்றார் மிஸ் டோனா.

இங்கே நாற்றங்கால் இல்லை. நாற்றைப் பிடுங்கி நடுவதும் இல்லை. தண்ணீர் நிற்கும் வயலில் விமானத்திலிருந்து விதையைத் தூவிவிடுகிறார்கள். விழுந்த இடத்தில் அது முளைக்க வேண்டியதுதான். வரப்பு நேராக இல்லாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. நிலம் தட்டையாகத் தெரிந்தாலும் லேசான சரிவு உண்டு. ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்பதற்காக அந்த மட்டத்தைத் தொடர்ந்தே வரப்பு போடுகிறார்கள். அடியில் களிமண், தண்ணீர் கீழே இறங்காது. அதனால்தான் இந்தப் பக்கம் நெல். தண்ணீர் அதே கொலராடோ ஆற்றிலிருந்து வாய்க்காலில் வருகிறது. மழை குறைந்த வருடத்தில் மேலே ஆஸ்டின் பக்கத்து ஏரிகள் வற்றினால் இங்கே வயலுக்குத் தண்ணீர் விட மாட்டார்கள். கேட்டதும் நமக்குத் தெரிந்த காவிரிக் கதைதான் ஞாபகம் வந்தது. ஆகஸ்டுக்குள் அறுத்துவிட்டு, அந்தத் தாளையே விட்டுவைத்தால் மறுபடி துளிர்த்து இன்னொரு முறையும் விளையுமாம்.

மிஸ் டோனா உள்ளே போய்க் கொஞ்சம் விதையை எடுத்து வந்து நிலாவின் கையில் கொட்டினார். அவள் ஒன்றை நகத்தால் உரித்தாள்.

"அப்பா, உள்ள ரைஸ் இருக்கு!"

வருடம் முழுக்க அரிசி சுமப்பவன் நான். தினமும் சோறு சாப்பிடுபவள் என் மகள். அவள் நெல்லைப் பார்த்தது அன்றுதான். இதை ஜெயாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினேன்.

ஜெயா தூங்கிவிட்டிருந்தாள். சாய்வு நாற்காலியில், தட்டு மடியில் இருக்க, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து.

நிலா உடனே மாறிப்போனாள். உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் பார்த்தாள். பூனை மாதிரி நடந்து போய் அம்மாவின் மடியிலிருந்து தட்டை எடுத்தாள். ஸ்பூன் தட்டில் உரசாமல் இருக்க அதைத் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டாள். வீட்டில் எட்டு வருடமாகச் செய்வதையே இங்கும் செய்தாள்.

அந்த நேரம் பார்த்து விமானம் திரும்பி வந்தது. தலைக்கு மேலேயே போனது. நிலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சத்தம் அடங்கியதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஜெயா அசையவில்லை. காற்றில் முடி மட்டும் பறந்தது.

"தூங்கட்டும் பாவம். உடம்பு கேக்குது," என்றார் மிஸ் டோனா, தன் வழக்கமான கணீர்க் குரலில். நிலா பதறிப்போய்க் கையைக் காட்டினாள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "இந்தப் போர்ச்சுல தூங்குறவங்களை யாரும் எழுப்ப முடியாது கண்ணு. எங்க வீட்டுக்காரர் இடி இடிக்கும்போதே தூங்குவாரு."

நிலா அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். விதைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்க இரண்டு முறை எனக்கு வாய்வரை வந்தது. அவளாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அவள் தலையைத் தூக்கி, சாதாரணக் குரலில், மெதுவாக இல்லாமல், மிஸ் டோனாவைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, ஸ்கூல் பஸ் எங்க நிக்கும்?"

மிஸ் டோனா மண் பாதையின் முனையைக் காட்டினார். அங்கே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெக்கன் மரம். "அங்கதான். காலையில ஏழு மணிக்கு. தம்பி பிள்ளைங்க எல்லாம் அங்க நின்னு ஏறினவங்கதான்."

நிலா எழுந்து அந்த மரம் வரைக்கும் நடந்தாள். நான் போர்ச்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் இடம் மாறி நின்று மறுபடி பார்த்தாள். போர்ச் அங்கிருந்து தெரிகிறதா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு ஜெயா விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிடம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவசரமாக எழுந்து, "ஐயோ, அவங்க வீட்டுல வந்து இப்படித் தூங்கிட்டேனே! எழுப்பக் கூடாதா?" என்று என்னைத் திட்டினாள். "வாங்க, கிளம்புவோம். போற வழியில பேசிக்கலாம். நிலா, உனக்குப் பிடிக்கலன்னா ஒண்ணும் இல்லடா, அம்மா திங்கட்கிழமை வேண்டாம்னு சொல்லிடுறேன்."

"அம்மா, வெயிட்," என்றாள் நிலா. "ஞாயித்துக்கிழமை தமிழ் ஸ்கூலுக்கும் டான்ஸ் கிளாஸுக்கும் பேர்லேண்ட் போகணும். எவ்ரி வீக். மழை பெஞ்சாலும்."

"போகலாம்."

"சம்மர்ல மேகா வந்து ஒன் வீக் இருப்பா."

"இருக்கட்டும்."

"அப்புறம், பஸ் ஏழு மணிக்கு வரும். அந்த ட்ரீகிட்ட." நிலா கையை நீட்டிக் காட்டினாள். "நீ இங்க போர்ச்ல நின்னா அங்கேர்ந்து எனக்குத் தெரியாது. நான் செக் பண்ணிட்டேன், புதர் மறைக்குது. ஸோ, நீ அங்க வரைக்கும் வரணும். டெய்லி."

ஜெயா அந்த மரத்தைப் பார்த்தாள். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். படி இறங்கி நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதே பஸ் வந்துவிடப் போகிற மாதிரி, மண் பாதையில் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.